வலது பக்கம்: நீலகிரியில் வருங்கால ஆசிரியர்களுக்குக் கல்வித் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மஞ்சூரைத் தாண்டி ஒரு நடுநிலைப் பள்ளி. பி.எட். மாணவி ஒருவர் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தார். நான் கடைசி பெஞ்சில் மதிப்பீட்டுத் தாளோடு உட்கார்ந்திருந்தேன். நான்காவது ஸ்லைடில் கரண்ட் போனது. அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். பிள்ளைகளுக்கு இது பழக்கம்தான். ஸ்வெட்டர் கைக்குள் விரல்களை இழுத்துக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். பதினொரு நிமிடம் அப்படியே போனது. பிறகு மணி அடித்தது.

அந்த மாணவியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பவர்பாயிண்ட் கற்றுக்கொடுத்தவன் நான்தான். எழுத்தின் அளவு, பின்னணி நிறம், படம் எங்கிருந்து எடுப்பது எல்லாம் சொன்னேன். கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை. அடுத்த வாரமே என் வகுப்பில் பாடக்குறிப்பு நோட்டின் வடிவம் மாறியது. நோட்டை விரித்தால் இடது பக்கத்தில் கருவியோடு நடக்கும் பாடம். வலது பக்கத்தில் அதே பாடம், அதே நோக்கம், கருவி இல்லாமல். வலது பக்கம் காலியாக இருந்தால் கையெழுத்துப் போடமாட்டேன்.

எம்.எட். முடித்துவிட்டு இந்த வேலைக்கு வர நினைப்பவர்களுக்கும், ஏற்கெனவே பயிற்சிக் கல்லூரியில் இருந்து, “நீங்கதான் சின்ன வயசு, கம்ப்யூட்டர் தெரியும்” என்று கல்வித் தொழில்நுட்பப் பேப்பர் தலையில் கட்டப்பட்டவர்களுக்கும் இதை எழுதுகிறேன். சமவெளியில் இருப்பவர்களும் படிக்கலாம். அங்கேயும் கரண்ட் போகத்தான் செய்கிறது.

வேலைக்குள் வருவது

தகுதி விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். என்.சி.டி.இ. என்கிற தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-இல் வகுத்த விதிகளின்படி, பி.எட். கல்லூரியில் பாடம் நடத்த முதுகலைப் பட்டமும் எம்.எட்.டும் வேண்டும், இரண்டிலும் குறைந்தது 55 விழுக்காடு. அதற்கு மேல் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது பிஎச்.டி. இருந்தால் கதவு அகலமாகத் திறக்கும். தமிழ்நாட்டு பி.எட். கல்லூரிகள் 2008-இல் தொடங்கிய தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. தொடக்கப் பள்ளிக்கான இரண்டாண்டு டிப்ளமோ நடத்தும் டயட் என்கிற மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களுக்கு ஆளெடுப்பது தனி வழி.

வேலை என்று பேப்பரில் இருப்பது ஒன்று, நடப்பது ஒன்று. ஆண்டுவிழாவுக்கு மைக் செட் கட்டுவது, அலுவலகத்து பிரிண்டரில் சிக்கிய தாளை எடுப்பது, யாரோ ஒருவருடைய ஆய்வேட்டில் பக்க எண் போட்டுத் தருவது எல்லாம் உங்கள் மேசைக்கு வரும். முதல் ஆண்டில் எதையும் மறுக்காதீர்கள். அலுவலகம் உங்கள் பக்கம் இருந்தால்தான் லேப் சாவி உங்கள் கையில் இருக்கும். இரண்டாம் ஆண்டிலிருந்து, “செய்து தருகிறேன், இரண்டு மாணவர்களையும் கூட அனுப்புங்கள், அவர்களும் கற்றுக்கொள்ளட்டும்” என்று ஆரம்பியுங்கள். மூன்றாம் ஆண்டில் அவர்களே செய்துவிடுவார்கள்.

முதல் படி: பாடம் தொடங்குமுன் பள்ளிகளைச் சுற்றுங்கள்

இரண்டாண்டு பி.எட்.டில் குறைந்தது 20 வாரம் பள்ளியில் கழிய வேண்டும். முதலாண்டில் 4, இரண்டாமாண்டில் 16. அந்த 20 வாரமும் நம் பிள்ளைகள் எந்தப் பள்ளிகளுக்குப் போகப்போகிறார்களோ, அந்தப் பள்ளிகளை நீங்கள் முதலில் பார்த்திருக்க வேண்டும். பஸ்ஸிலேயே போங்கள். காரில் போனால் புரொஜெக்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றபடி வளைவுகளில் ஆடிக்கொண்டே போவது எப்படியிருக்கும் என்பது தெரியாமல் போகும்.

பார்க்க வேண்டியதை ஒரே தாளில் அடக்குங்கள். எந்த சிம்முக்கு எந்த இடத்தில் டவர் கிடைக்கிறது என்பதை நின்று பார்த்துக் குறியுங்கள். மலையில் டவர் என்பது ஊருக்கு ஊர் மாறுவதில்லை, ஜன்னலுக்கு ஜன்னல் மாறும். சத்துணவுக் கூடத்துப் படிக்கட்டில் மூன்று கோடு, வகுப்பறையில் ஒன்றுமில்லை. வகுப்பறையில் ப்ளக் பாயிண்ட் எங்கே இருக்கிறது, மூன்று பின் பிளக் அதில் நிற்கிறதா, வெளிச்சத்தை மறைக்கத் திரைச்சீலை உண்டா என்று பாருங்கள். தகரக் கூரையா என்றும் பாருங்கள், ஏனென்றால் தகரக் கூரை மேல் மழை கொட்டினால் எந்த ஸ்பீக்கரும் எடுபடாது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கும். அதில் எத்தனை கணினி என்பதை விட அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். சாவிக்காரர் மாற்றுப்பணியில் போய்விட்டால் லேப் ஒரு பூட்டிய அறை, அவ்வளவுதான்.

மாதத்தையும் சேர்த்துக் குறியுங்கள். கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை விடாது பெய்யும். குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பரில்தான் மண்சரிவு பயம். ஒரே மாவட்டம், இரண்டு மழைக்காலம். பயிற்சிப் பள்ளி ஒதுக்கும்போது இந்தக் கணக்கையும் போட்டால், ஸ்கிரீன் வைத்து எடுக்க வேண்டிய பாடங்களை மழை குறைந்த மாதத்துக்குத் தள்ளலாம். நான் இதைச் சொன்னபோது, “நீங்க என்ன சார், வானிலை ஆராய்ச்சி மையமா?” என்று ஊழியர் அறையில் சிரித்தார்கள். இப்போது ஒதுக்கீட்டுப் பட்டியலை என்னிடம்தான் முதலில் காட்டுகிறார்கள்.

இரண்டாம் படி: பாடத்திலிருந்து கருவிக்கு

பயிற்சி மாணவர்கள் வகுப்புக்குள் வரும்போதே, “சார், எந்த ஆப் நல்லது?” என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு முதல் மாதத்தில் பதில் சொல்லாதீர்கள்.

கொள்கை அளவில் இதற்கு ஒரு சட்டகம் உண்டு. லீ ஷுல்மன் 1986-இல் சொன்னது: பாட அறிவு மட்டும் போதாது, கற்பிக்கும் முறை தெரிந்தாலும் போதாது, இந்தப் பாடத்தை இந்த வயதுப் பிள்ளைக்கு எப்படிப் புரியவைப்பது என்பது தனி அறிவு. 2006-இல் மிஸ்ராவும் கோலரும் அதோடு தொழில்நுட்பத்தைச் சேர்த்து டி-பேக் என்ற மூன்று வட்டப் படத்தைத் தந்தார்கள். தேர்வுக்கு அந்தப் படத்தை வரைவார்கள், பத்து மதிப்பெண் வாங்குவார்கள், அதோடு மறந்துவிடுவார்கள். நான் அதைப் பலகையில் வரைவதற்கு முன் குன்னூர் ரயில் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

நம் மலை ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்பும்போது சாதாரண ரயில்தான். கல்லாறு தாண்டி ஏற்றம் 12-க்கு 1 என்ற அளவுக்குச் செங்குத்தாகும்போது மட்டும் தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் வருகிறது. எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. குன்னூரோடு அது முடிந்துவிடும். அதற்கு மேல் ஊட்டி வரை வெறும் சக்கரமே போதும், டீசல் எஞ்சின் இழுத்துக்கொண்டு போய்விடும். 1899-இல் குன்னூர் வரை ரயில் விட்டவர்கள் பல் சட்டத்தை மேட்டுப்பாளையத்திலிருந்தே போட்டிருக்கலாம். போடவில்லை. பிளாட்பாரத்தில் நின்றுகொண்டே கேட்பேன்: “உங்க பாடத்துல கல்லாறு எங்க வருது, குன்னூர் எங்க வருது?” பிள்ளை தானாக ஏற முடியாத இடம் எது, அங்கே மட்டும் கருவி.

இதை ஒரு கணக்காகவும் மாற்றலாம். பத்தாம் வகுப்பு முக்கோணவியல்: 12-க்கு 1 ஏற்றம் என்றால் டான் தீட்டா 1/12. கோணம் ஐந்து டிகிரிகூட வராது, சுமார் 4.8. “அவ்வளவுதானா?” என்று பிள்ளைகள் நம்பமாட்டார்கள். இங்கேதான் ஜியோஜீப்ரா என்ற கணித ஆப் கல்லாறு ஆகிறது. கோணத்தை விரலால் இழுத்துப் பார்க்கும்போது ஐந்து டிகிரி எவ்வளவு சிறியது, அந்தச் சிறிய ஏற்றத்தில் வெறும் இரும்புச் சக்கரம் ஏன் வழுக்கும் என்று விவாதம் தொடங்கும். கைபேசியில் நெட் இல்லாமலும் அது ஓடும். வலது பக்கத்தில் என்ன? ஒரு மீட்டர் ஸ்கேல், ஒரு நோட்டுப் புத்தக அடுக்கு, ஒரு பாகைமானி. 120 சென்டிமீட்டர் நீளத்துக்கு 10 சென்டிமீட்டர் உயரம் வைத்துப் பலகையைச் சாய்த்தால் முடிந்தது.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்த பாடம். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. ஊட்டியில் அது 92, 93-லேயே கொதித்துவிடும். சுமார் 300 மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கு யூடியூபில் வீடியோ தேடிய மாணவர்களை நிறுத்தினேன். ஒரே நாளில் மேட்டுப்பாளையம், குன்னூர், கூடலூர், ஊட்டி என நான்கு இடத்தில் பயிற்சியில் இருப்பவர்கள் தண்ணீரைக் கொதிக்க வைத்து வெப்பமானி அளவைப் படம் எடுத்து வாட்ஸப் குழுவில் போட்டார்கள். இரவு ஒருவர் அதை ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏற்றி உயரத்துக்கு எதிராக வரைபடம் போட்டார். மறுநாள் நான்கு பள்ளிகளிலும் பிள்ளைகள் தங்கள் புள்ளியைத் தேடினார்கள். ஊட்டியில் பருப்பு வேக ஏன் நேரமாகிறது என்று ஒரு ஆறாம் வகுப்புப் பெண் தானாகச் சொன்னாளாம். இதில் வீடியோவுக்கு வேலையே இல்லை. நான்கு ஊர் அளவை ஒரே இரவில் ஒரே தாளில் கொண்டுவந்ததுதான் தொழில்நுட்பம்.

இடையில் ஒரு எச்சரிக்கை. “படிப்பதில் 10 விழுக்காடும் பார்ப்பதில் 30 விழுக்காடும்தான் நினைவில் நிற்கும், செய்வதில் 90 விழுக்காடு” என்ற கூம்புப் படம் ஏறக்குறைய எல்லாக் கல்வித் தொழில்நுட்ப நோட்ஸிலும் இருக்கும். எட்கர் டேல் 1946-இல் கூம்பு வரைந்தது உண்மை. ஆனால் அவர் கூம்பில் விழுக்காடே கிடையாது, பின்னால் வந்தவர்கள் ஒட்டியது. உங்கள் மாணவர்கள் அந்த எண்களை விளக்கமாக எழுதினால் மதிப்பெண்ணைக் குறையுங்கள், ஆனால் ஏன் குறைத்தீர்கள் என்று சொல்லிவிடுங்கள். டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு கைடுகளிலும் அவர்கள் அதைப் பார்ப்பார்கள்.

மூன்றாம் படி: ஆஃப்லைன் பெட்டி

என் துறையில் நான்கு பெட்டிகள் இருக்கின்றன. பயிற்சிக்குப் போகும் குழுவுக்கு ஒன்று. உள்ளே ஒரு சிறிய எல்.இ.டி. புரொஜெக்டர், அதற்கான ஹெச்.டி.எம்.ஐ. கேபிள், நீளமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், சார்ஜ் ஏற்றி வைத்த ஸ்பீக்கர், பவர் பேங்க், மெமரி கார்டு நிறையப் பாடப்பொருள் ஏற்றிய ஒரு பழைய கைபேசி, அதே சரக்கின் நகலாக ஒரு பென் டிரைவ். கூடவே இரண்டு மூன்று சிலிகா ஜெல் பொட்டலம். மலையில் புரொஜெக்டரைக் கொல்வது பெரும்பாலும் பூஞ்சை. லென்ஸ் உள்ளே வெள்ளை நூல் போலப் படர்ந்துவிட்டால் கோயம்புத்தூருக்கு அனுப்ப வேண்டியதுதான். ஷூ டப்பாக்களில் வரும் பொட்டலங்களை எறியாமல் கொண்டுவந்து தரச் சொல்லி ஊழியர் அறையில் ஒரு டப்பா வைத்திருக்கிறேன். இன்னொன்றும் சொல்லவேண்டும்: குளிரில் இருந்த கருவியை ஆள் நிறைந்த வகுப்பறைக்குள் கொண்டுவந்த உடனே போடாதீர்கள். கண்ணாடியில் ஈரம் படியும். கால் மணி நேரம் அப்படியே வைத்துவிட்டுப் பிறகு போடுங்கள்.

பாடப்பொருளுக்கு அலைய வேண்டியதில்லை. 2018-இல் வந்த புதிய பாடப்புத்தகங்களிலிருந்து க்யூஆர் கோடு இருக்கிறது. அதை ஸ்கேன் செய்தால் 2017-இல் தொடங்கிய தீக்ஷா தளத்துக்குப் போகும், கைபேசிச் செயலியில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். பள்ளிக்குப் போய் ஸ்கேன் செய்யலாம் என்று நினைப்பதுதான் தவறு. இறக்கும் வேலை ஞாயிற்றுக்கிழமை, டவர் இருக்கும் ஊரில். 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களும், 2023-இல் பள்ளிக் கல்வித் துறை வெளியிட்ட மணற்கேணி செயலியும் தமிழில் இருக்கின்றன. அறிவியலுக்கு கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் சிமுலேஷன்கள், அதாவது திரையிலேயே செய்துபார்க்கும் சோதனைகள். அவற்றில் பல தமிழிலும் உண்டு, ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக இறக்கி நெட் இல்லாமல் ஓட்டலாம். சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வேண்டுமென்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர். அதிலுள்ளவை திறந்த உரிமத்தில் வருவதால் அச்சிட்டுக் கொடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், எழுதியவர் வரைந்தவர் பெயரைப் போட்டால் போதும்.

அந்த உரிமம் என்ற சொல்லை அரை மணி நேரமாவது பேசுங்கள். வகுப்பில் கற்பிக்கும்போது ஆசிரியர் ஒரு பக்கத்தை நகலெடுத்துக் கொடுப்பதற்கு நம் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. அதையே வீடியோவாக்கித் தன் யூடியூப் சேனலில் போடுவது வேறு கதை. பயிற்சி மாணவர்களில் பாதிப்பேருக்கு இப்போது சேனல் இருக்கிறது.

நான்காம் படி: தமிழில் தட்டச்சு

சிறிய விஷயம் போலத் தெரியும். ஆனால் கல்லூரியில் பழைய எழுத்துருவில் அடித்த பாடக்குறிப்பைப் பள்ளிக் கணினியில் திறந்தால் வெறும் கிறுக்கலாக வரும்போது அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடைத் தரமாக அறிவித்தது. அதன் பிறகும் எழுத்துருவைக் கட்டிக்கொண்டு அலைவது எதற்கு? முதல் வாரத்திலேயே கைபேசியிலும் கணினியிலும் தமிழ்99 விசைப்பலகையைப் போட்டுக் கொடுங்கள். தினமும் பத்து நிமிடம் என்றால் ஒரு மாதத்தில் கை பழகிவிடும். குரலால் தட்டச்சு செய்வதையும் சொல்லிக்கொடுங்கள், ல ள ழ திருத்துவதை மட்டும் விடாதீர்கள்.

ஐந்தாம் படி: நுண்ணிலைக் கற்பித்தலுக்கு ஒரு கைபேசி

மைக்ரோ டீச்சிங் என்று எல்லோரும் சொல்லும் இந்த முறை 1963-இல் ஸ்டான்ஃபோர்டில் ட்வைட் ஆலன் குழுவினர் தொடங்கியது. ஒரு திறன், சில பிள்ளைகள், சில நிமிடம். நம் நாட்டில் என்.சி.இ.ஆர்.டி. வகுத்த கணக்கு 36 நிமிடம்: 6 நிமிடம் கற்பித்தல், 6 நிமிடம் கருத்துரை, 12 நிமிடம் மறுதிட்டம், 6 நிமிடம் மறுபடி கற்பித்தல், 6 நிமிடம் மறுபடி கருத்துரை. பெரும்பாலான கல்லூரிகளில் இது ரெக்கார்டு நோட்டில் மட்டும் நடக்கிறது. மதிப்பீட்டுப் பட்டியலில் எல்லாக் கட்டத்திலும் “நன்று” என்று டிக் அடித்துக்கொண்டு போவார்கள். இந்த இடத்தில்தான் உங்கள் பாடம் உயிர் பெறும், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கைபேசியை ரெக்கார்டு நோட்டு அடுக்கின் மேல் சாய்த்து வையுங்கள். ஜன்னல் கைபேசியின் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆசிரியர் கரிய நிழலாகத் தெரிவார். ஆறு நிமிடம் பதிவு. பிறகு பார்ப்பதில் ஒரு வரிசை வைத்திருக்கிறேன்.

முதல் தடவை சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். யாருக்கு எதிரே நிற்கிறார், எந்தப் பக்கத்துப் பிள்ளைகளை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை, பலகையை உடம்பால் மறைக்கிறாரா என்பதெல்லாம் ஊமைப்படத்தில்தான் தெரியும். இரண்டாவது தடவை கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காதால் மட்டும் கேட்க வேண்டும். கேள்வி எத்தனை, அதில் ஆமாம் இல்லை என்று முடிவது எத்தனை, கேள்வி கேட்டபின் எத்தனை நொடி காத்திருந்தார் என்று எண்ணுங்கள். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் எண்ணிப் பார்த்தபோது ஆசிரியர்கள் காத்திருந்தது ஏறக்குறைய ஒரு நொடிதான். அதை மூன்று நொடியாக்கினாலே பதில்கள் நீளமாகின, பேசாத பிள்ளைகள் பேசினார்கள். என் மாணவர்கள் தங்கள் ஒலியைக் கேட்டு எண்ணும்போது முதலில் சிரிப்பார்கள், பிறகு அமைதியாகிவிடுவார்கள். கேள்வியும் தாங்களே, பதிலும் தாங்களே.

மூன்றாவது தடவைதான் படமும் சத்தமும் சேர்த்து. அதற்குள் கருத்துரை சொல்ல நீங்கள் தேவையே இல்லாமல் போயிருக்கும். மறுபடி கற்பிக்கும் ஆறு நிமிடத்தில் ஒரே ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். வீடியோ அந்த மாணவருடைய கைபேசியிலேயே இருக்கட்டும், அவரே அழிக்கட்டும். வகுப்புக் குழுவில் போடச் சொன்ன ஒரு செமஸ்டரில் எனக்குக் கிடைத்தது நடிப்பு. கற்பித்தல் இல்லை.

ஆறாம் படி: பிள்ளையின் மொழி

தமிழ்நாட்டில் அரசு பட்டியலிட்ட, மிகவும் பின்தங்கிய நிலையிலுள்ள பழங்குடிகள் ஆறு: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். ஆறு பேரும் நீலகிரியில் இருக்கிறார்கள். இதோடு குன்னூர், கோத்தகிரி, குந்தா பக்கத்து ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், படுகு மொழி, பந்தலூர் பக்கம் மலையாளம், 1964 ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்களின் தமிழ். ஒன்றாம் வகுப்பில் உட்காரும் பிள்ளைக்குப் பாடப்புத்தகத் தமிழ் இரண்டாவது மொழியாகவோ மூன்றாவதாகவோ இருக்கலாம். சென்னையில் எடுத்த வீடியோவில் அக்கா வேகமாகப் பேசினால் அந்தப் பிள்ளை படத்தை மட்டும் பார்க்கும்.

என் மாணவர்கள் செய்யும் ஒரு வேலையைச் சொல்கிறேன், பெயர் குரல் அகராதி. பயிற்சிப் பள்ளியின் ஒன்றாம் வகுப்புப் பாடத்தில் வரும் இருபது சொற்களை எடுப்பார்கள். இலை, மழை, அடுப்பு, கோழி போன்றவை. ஊரில் ஒரு பாட்டியிடமோ அம்மாவிடமோ போய் அதற்கு வீட்டில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டுப் பதிவு செய்வார்கள். வகுப்பில் பொருளைக் காட்டி, முதலில் பாட்டியின் குரல், பிறகு ஆசிரியரின் தமிழ். தன் வீட்டுச் சொல் ஸ்பீக்கரில் வருவதைக் கேட்ட பிள்ளையின் முகத்தை நான் இங்கே எழுதி விளக்கப்போவதில்லை, போய்ப் பாருங்கள். தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தின் பாடல், செயல்பாடுகளோடு இது நன்றாக ஒட்டும்.

இதற்கு விதிகள் கடுமையாக வைத்திருக்கிறேன். முதலில் ஊர்ப் பெரியவரிடம் அனுமதி. பதிவு எதற்கு, எங்கே ஒலிக்கும் என்று சொல்ல வேண்டும். அவர்களாகத் தந்தால் ஒழிய சாமிப் பாட்டு, சாவுப் பாட்டு பதிவு செய்யக் கூடாது. இணையத்தில் ஏற்றக் கூடாது. ஒரு நகல் ஊரிலேயே இருக்க வேண்டும். பிள்ளைகளைப் படம் எடுப்பதானால் 2023-ஆம் ஆண்டு எண்ணிம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நினைவிருக்கட்டும்: 18 வயதுக்குக் கீழ் எல்லோரும் குழந்தைதான், பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். சட்டம் வருமுன்பே இது மரியாதை சார்ந்த விஷயமும்கூட. ஒரு முறை ஒரு மாணவர் பள்ளிப் பிள்ளைகளின் நடனத்தைத் தன் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார். நாங்கள் இருவரும் அந்த ஊருக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டோம். டீ கொடுத்தார்கள், ஆனால் அந்த ஆண்டு முழுக்கப் பதிவுக்கு யாரும் வாய் திறக்கவில்லை.

வலது பக்கம் இங்கேயும் உண்டு. ஸ்பீக்கர் இல்லாத நாளில் அந்தப் பாட்டியையே வகுப்புக்கு அழைப்பது. ஒரு பள்ளியில் வந்தார். இருபது சொல்லுக்குப் பதில் ஒரு முழுக் கதை சொல்லிவிட்டுப் போனார்.

ஏழாம் படி: செயற்கை நுண்ணறிவு

தடை செய்து பிரயோஜனமில்லை. பாடக்குறிப்பு கேட்டால் முப்பது நொடியில் அது எழுதிக் கொடுத்துவிடுகிறது, ரெக்கார்டு நோட்டு எழுதி விரல் தேய்ந்த எனக்கே பொறாமை வருகிறது. நான் செய்வது இது: கொதிநிலைப் பாடத்துக்கு இயந்திரம் எழுதிய குறிப்பை எல்லோருக்கும் அச்சிட்டுக் கொடுத்து, சிவப்புப் பேனாவால் திருத்தச் சொல்வேன். 100 டிகிரி என்று இருக்கும், ஊட்டி வகுப்புக்கு அது பொருந்தாது. எடுத்துக்காட்டுகள் கடற்கரை வெயிலைப் பற்றி இருக்கும். பிள்ளையிடம் யாரும் பேசாத ஒரு தமிழில் கேள்விகள் இருக்கும். நேர ஒதுக்கீடு 40 நிமிடம் கச்சிதமாக இருக்கும், அதில் பிள்ளைகள் ரெயின்கோட்டைக் கழற்றி மாட்ட ஒரு நிமிடமும் இருக்காது. பத்துத் தவறாவது கண்டுபிடித்தவர்கள் அதன் பிறகு இயந்திரத்தைத் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்று சொல்லியிருக்கிறேன். எதைக் கேட்டார்கள், எதை மாற்றினார்கள் என்று நோட்டின் ஓரத்தில் குறித்தால் போதும்.

எட்டாம் படி: 16 வாரத்தில் உங்கள் வேலை

எல்லாப் பள்ளிக்கும் உங்களால் போக முடியாது. கடைசி பஸ் போய்விட்டால் பள்ளிக்கூடத்திலேயே தங்க வேண்டியிருக்கும். வாரம் ஒரு முறை ஒவ்வொருவரும் மூன்று நிமிடக் குரல் செய்தி அனுப்ப வேண்டும் என்று வைத்திருக்கிறேன். கேள்வி ஒன்றுதான்: இந்த வாரம் எந்தப் பிள்ளைக்கு எது புரியவில்லை, எப்படித் தெரிந்தது? எந்த வீடியோ போட்டேன் என்று யாராவது தொடங்கினால் திருப்பி அனுப்பிவிடுவேன். வழிகாட்டி ஆசிரியர்களுக்கும் ஏதாவது கொடுங்கள். எமிஸ் என்ற பள்ளித் தகவல் தளத்துக்கான பதிவேற்றத்தில் அவர்கள் படும் பாட்டில் நம் மாணவர்கள் ஒரு கை உதவினால், வகுப்பறையைத் தாராளமாக விட்டுக்கொடுப்பார்கள்.

நேரில் பார்க்கப் போகும் நாளில், பாடம் பாதியில் ஓடும்போது நானே எழுந்துபோய் ஸ்விட்சை அணைத்துவிடுவேன். இது எல்லோருக்கும் முன்பே தெரியும். ஆனாலும் அந்த ஒரு நொடியில் கண் நோட்டின் வலது பக்கத்துக்குப் போகிறதா, என் முகத்துக்கு வருகிறதா என்று பார்ப்பேன்.

மதிப்பெண்

செய்முறைத் தேர்வுக்கு ஒரு தகர டின்னில் சீட்டுகள் போட்டு வைத்திருக்கிறேன். பாடம் தொடங்குமுன் ஒன்றை எடுக்க வேண்டும். “கரண்ட் போய்விட்டது.” “ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை.” “மழை, பாதிப் பிள்ளைகள் வரவில்லை.” “பக்கத்து வகுப்பு ஆசிரியர் விடுப்பு, அந்தப் பிள்ளைகளும் உங்களிடம்.” “ஒரு பிள்ளைக்குப் பலகை தெரியவில்லை.” எடுத்த சீட்டுக்கு ஏற்றபடி பாடத்தைத் திருப்ப ஐந்து நிமிடம். மதிப்பெண்ணில் பாதி, திருப்பிய பிறகும் பாடத்தின் நோக்கம் அப்படியே நிற்கிறதா என்பதற்கு.

எல்லோரும் பயப்படும் சீட்டு வேறு. “எல்லாம் வேலை செய்கிறது” என்று ஒன்று இருக்கிறது. அதை எடுத்தவர் பாடம் முடிந்தபின், கருவி இல்லாமல் இதே பாடம் போதாமல் போயிருக்கும் இடம் எது என்று எனக்கு விளக்க வேண்டும். போன ஆண்டு ஒருவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, “அப்படி ஒரு இடம் இல்லை சார், வலது பக்கமே நல்லாயிருந்திருக்கும்” என்றார். முழு மதிப்பெண் போட்டேன்.

டின் பழைய வர்க்கி டின்தான். ஜூலையில் சீட்டெல்லாம் நமத்துப்போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. அதற்குள்ளும் இப்போது ஒரு சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு வைத்திருக்கிறேன்.